சட்டை முதுகில் அப்பா பெயர்

என் தம்பி திலீப் பதினோரு வருடம் சம்பளத்துக்குப் பந்து எறிந்தான். கிரிக்கெட் இல்லை, பேஸ்பால். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சிங்கப்பூர்த் தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனால் தெரிந்தவர் யாராவது ஒருவர், "தம்பி இப்ப எந்த டீமுக்கு போலிங் போடறாரு? எத்தனை விக்கெட்?" என்று கேட்பார். அந்த விளையாட்டில் விக்கெட் கிடையாது என்பேன். "ஒண்ணுகூடவா இல்ல?" என்று எனக்காகப் பரிதாபப்படுவார். பதினோரு வருடமும் இதே கேள்விதான், இதே பரிதாபம்தான்.

நான் இளமதி. மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவள். படம் எடுப்பது என் வேலை, அதைப் படித்து நோயாளியிடம் சொல்வது டாக்டரின் வேலை. பதினெட்டு வருடமாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "டாக்டர் சொல்வாருங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு முறை வாயைத் திறந்திருக்கிறேன். அது பின்னால் வரும்.

திலீப் இந்த விளையாட்டை ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கைக்குப் பெயர் கொடுக்கும் நாளன்று அவனுக்குக் காய்ச்சல். மறுநாள் போனபோது காற்பந்தில் இடமில்லை, பூப்பந்தில் இடமில்லை. தமிழ் நாடகக் குழுவிலும் சாஃப்ட்பாலிலும்தான் இடமிருந்தது. நாடகத்தில் சேர்ந்தால் அம்மா வீட்டில் வசனத்தை ஒப்பிக்கச் சொல்வார் என்று பயந்து சாஃப்ட்பாலில் சேர்ந்தான். அங்கே அவன் கைக்கு வேகம் உண்டு என்று கண்டுபிடித்தார்கள். பிறகு பேஸ்பாலுக்கு மாறினான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு மூன்று முறை விளக்கியிருக்கிறான். கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் கையெறி குண்டு வீசும் பயிற்சியில் அவன் வீசியதைப் பார்த்த சார்ஜன்ட், இவ்வளவு தூரம் ராணுவத்துக்குத் தேவையில்லை என்று சொன்னாராம்.

2014-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சிறிய அணி அவனை எடுத்துக்கொண்டது. அணியில் சேரும் இணையப் படிவத்தைப் பிடோக்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் நிரப்பினான். பெயர் என்ற பெட்டியில் திலீப் என்று போட்டான். அடுத்த பெட்டி குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? காலியாக விட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. அடையாள அட்டையில் 'திலீப், தகப்பனார் பாலகிருஷ்ணன்' என்று இருக்கிறது. சரி, அதையே போட்டு வைப்போம் என்று பாலகிருஷ்ணன் என்று தட்டினான். படிவம் நகர்ந்தது. என் தம்பியின் வாழ்க்கையில் அவன் செய்த பெரிய தவறு அதுதான். செய்து முடிக்க நாலு விநாடிகூட ஆகவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் படம் அனுப்பினான். பச்சைச் சட்டை, பதினேழாம் எண், முதுகில் பெரிய எழுத்தில் பாலகிருஷ்ணன். அப்பா அந்தப் படத்தைத் தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"என் பேரை எதுக்குப் போட்டிருக்கான்?"

"அங்கெல்லாம் அப்படித்தான்பா."

"விளையாடறது அவன்தானே?"

அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். முப்பத்து நாலு வருடம் பேருந்து ஓட்டினார். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அதற்காகக் கொடுத்த பதக்கம் எங்கள் கூடத்தில் சாமிப் படங்களுக்கு அடுத்தபடியாக, சாமிப் படங்களைவிடச் சுத்தமாகத் துடைக்கப்பட்டுத் தொங்குகிறது. ஒரே ஒரு முறை பாதி வழியில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். 1998-இல் ஒரு நாள் காலை, லேசாகத் தலை சுற்றியது. அடுத்த நிறுத்தத்தில் ஓரம் கட்டினார், அறுபது பேரையும் இறங்கச் சொன்னார், நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். முனையத்துக்கு இன்னும் ஒரே ஒரு நிறுத்தம்தான் இருந்தது. ஓட்டியே முடித்திருக்கலாமே என்று மேலதிகாரி கேட்டதற்கு, "உடம்பு சரியில்லாதவன் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது சார்" என்றாராம். இந்தக் கதையை நான் ஏறக்குறைய நானூறு முறை கேட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவரின் பெயரைத்தான் என் தம்பி முதுகில் மாட்டிக்கொண்டு உலகம் சுற்றக் கிளம்பினான்.

பேஸ்பாலில் ஒரு கொடுமை உண்டு. ஒன்பது பேர் சேர்ந்து தோற்றாலும் அந்தத் தோல்வியை ஒரே ஒருவர் பெயரில் எழுதி வைப்பார்கள். பந்து எறிபவர் பெயரில். அவரை பிட்சர் என்பார்கள். வெற்றியும் அப்படித்தான். ஆக ஒவ்வொரு பிட்சர் பெயருக்கும் எதிரே இத்தனை வெற்றி, இத்தனை தோல்வி என்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும். இதை எங்களுக்குக் கண்டுபிடித்துச் சொன்னவர் காதர் மைதீன் மாமா. அப்பாவோடு அதே நிலையத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு வேலை இல்லை, ஆனால் நல்ல தொலைபேசி இருந்தது.

பிடோக் காப்பிக்கடையில் தினமும் காலை ஏழரைக்கு இருவரும் உட்காருவார்கள். அவர் அதைச் சொன்ன அன்று நானும் இருந்தேன். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கைப்பேசியைப் படித்தார்.

"பாலா, நேத்து நீ தோத்துட்டே லா. மூணு இன்னிங்ஸ், ஏழு ரன்."

"நான் எங்கய்யா தோத்தேன்? நேத்து எட்டு மணிக்கே படுத்துட்டேன்."

"இங்க பாரு. பாலகிருஷ்ணன். தோல்வி." திரையை அப்பா பக்கம் திருப்பினார். "இந்த வருஷம் இது நாலாவது. நீ கொஞ்சம் கவனமா இருக்கணும்."

அப்பா தே தாரிக் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். மாமா அதையும் குடித்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறுநாள் காப்பிக்கடையில் அறிக்கை வாசிக்கப்பட்டது. அப்பாவுக்கு எரிச்சல். ஆனால் ஒரு நாளும் போகாமல் இருந்ததில்லை.

திலீப் ஒரே இடத்தில் நிலைத்தவனில்லை. ஒரு வருட ஒப்பந்தம், சில சமயம் ஒரு மாத ஒப்பந்தம். ஆஸ்திரேலியாவுக்குப் பிறகு ஜப்பானில் ஒரு தீவு. அங்கே ஆட்டம் இல்லாத நாட்களில் அணிக்குப் பணம் கொடுக்கும் ஆதரவாளரின் தோட்டத்தில் ஆரஞ்சு பறிக்க வேண்டும். அவன் எறிந்ததைவிடப் பறித்தது அதிகம் என்று நினைக்கிறேன். பிறகு ஜெர்மனி. அந்த ஊரில் அடையாள அட்டையைப் பார்த்து 'இன்னார் மகன்' என்பதற்கு ஆங்கிலத்தில் இருந்த 'எஸ் ஓ'வையும் விடாமல், முதுகில் எஸ். ஓ. பாலகிருஷ்ணன் என்று அச்சடித்தார்கள். அந்த வருடம் முழுக்க அவனை எல்லோரும் 'சோ' என்றுதான் கூப்பிட்டார்கள். பிறகு செக் நாட்டில் ஒரு சிற்றூர். ஆட்டம் பார்க்க நாற்பது பேரும் ஒரு நாயும் வருவார்களாம். தவறாமல் வந்தது நாய் மட்டும்தான்.

அந்தச் செக் அணி ஒரு வருடம் கழித்து அவனைப் பக்கத்து ஊர் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பழைய மினிபஸ்ஸை வாங்கிக்கொண்டது. திலீப் இதைத் தொலைபேசியில் சொன்னபோது அழுகிற குரலில்தான் சொன்னான்.

"என்ன மாடல்?" என்று கேட்டார் அப்பா.

சொன்னான்.

"ஓட்டம் எவ்வளவு?"

அதையும் சொன்னான்.

"மோசமில்ல" என்றார் அப்பா. தம்பி கேட்க விரும்பிய ஆறுதல் அது இல்லைதான். ஆனால் அப்பா ஒரு வண்டியை மோசமில்லை என்று சொல்வது எவ்வளவு அபூர்வம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆட்டக் காலம் முடிந்தால் பிடோக்குக்கு வருவான். பெட்டியைப் பிரிக்க மாட்டான். காலையில் வீடு வீடாகப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுப்பான், மாலையில் முழங்கைக்கு ஐஸ் வைப்பான். குளிர்பெட்டியில் வஞ்சிர மீனுக்குப் பக்கத்தில் அவன் ஐஸ் பைகள் இருக்கும். அம்மா லீலா, ஒரு பள்ளி உணவகத்தில் கடை நடத்தியவர், எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொள்ளப் பிடிக்காதவர். மகனின் ஆட்டங்களை இணையத்தில் பார்த்துப் பார்த்து விதிகள் அத்தனையையும் கற்றுக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் அந்த விளையாட்டு புரிந்தவர் அம்மா மட்டும்தான். திலீப்புக்கே சில சமயம் சந்தேகம் வந்தால் அம்மாவைத்தான் கேட்பான்.

ஒரு பெண் பார்த்தோம். நல்ல இடம். பையன் பந்து எறிகிறான் என்பதை அப்பா 'விளையாட்டுத் துறை' என்று சொல்லிச் சமாளித்தார். ஒரு வாரம் கழித்துப் பெண்ணின் தகப்பனார் அழைத்தார். இணையத்தில் தேடியிருக்கிறார். "பாலகிருஷ்ணன்னு ஒருத்தருக்கு இருபத்தேழு தோல்வின்னு போட்டிருக்கு. அது நீங்களா, உங்க பையனா?" என்று கேட்டார். அப்பாவுக்கு வந்த கோபத்தில், "ரெண்டு பேரும்தான்" என்று வைத்துவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் சண்டை வந்தது. "முப்பத்து நாலு வருஷம் பேருக்கு ஒரு கீறல் விழாம வெச்சிருந்தேன்" என்றார் அப்பா. "நீ இருபத்தேழு கீறல் போட்டிருக்கே." திலீப் தட்டைப் பார்த்தபடி இருந்தான். அடுத்த அணியில் கெஞ்சிக் கேட்டுச் சட்டையில் திலீப் என்று அச்சடிக்க வைத்தான். ஆனால் பதிவேட்டில் பாலகிருஷ்ணன் பாலகிருஷ்ணனாகவே இருந்தார். காதர் மைதீன் மாமாவின் அறிக்கையும் நிற்கவில்லை. அதற்கடுத்த அணியில் சட்டையும் பழையபடி ஆகிவிட்டது.

திலீப் யாரிடமும் சொல்லாமல் ஒரு முடிவு எடுத்திருந்தான். தோல்வியை அழிக்க முடியாது. வெற்றியை அதற்குச் சமமாக்கலாம். சமமாக்கிவிட்டு நிறுத்திக்கொள்வது என்று. முப்பது வயதுக்கு மேல் பிட்சர்கள் தேய்வார்கள், இவன் தேய்ந்துகொண்டே ஜெயித்தான். காப்பிக்கடை அறிக்கையில் வெற்றி என்ற சொல் அடிக்கடி வர ஆரம்பித்தது. ஒரு நாள், மாமா வாய் திறக்கும் முன்னாலேயே, அப்பாவே "முப்பத்தெட்டுக்கு நாப்பது" என்றார். மாமா கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார்.

கடைசி வருடம் அவனுக்கு ஊரிலேயே வேலை கிடைத்தது. இந்த வட்டாரத்து நான்கு நகரங்கள் சேர்ந்து ஒரு சிறிய லீக் தொடங்கின, அதில் சிங்கப்பூருக்கும் ஓர் அணி. அவனுக்கு முப்பத்து மூன்று வயது, அது ஒன்பதாவது அணி. ஆட்டக் காலத்தின் கடைசி ஆட்டம் காலாங்கில், ஞாயிறு மதியம். அப்போது கணக்கு நாற்பது வெற்றி, நாற்பத்தொரு தோல்வி. லீக்கும் அத்தோடு மூடப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்னும் ஒரு வெற்றி, அதற்கு ஒரே ஒரு ஆட்டம்.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை திலீப் என் மேசை முன்னால் நோயாளியாக வந்து நின்றான். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருந்தது. படம் எடுத்தேன். முழங்கையின் உள்பக்கத்தில் இரண்டு எலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் நார் பாதிக்கு மேல் பிய்ந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னார். இன்றோடு எறிவதை நிறுத்தினால் கத்தி வைக்காமலே ஆறிவிடலாம், முழுதாகப் பிய்ந்தால் அறுவை, பிறகு ஒரு வருடம் அந்தக் கையால் ஒரு வாளியைக்கூடத் தூக்க முடியாது. ஜனவரியில் பேருந்து ஓட்டும் பயிற்சிக்கு அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. ஒற்றைக் கையோடு அங்கே போய் என்ன செய்வான்?

"அக்கா, அப்பாகிட்ட சொல்லாதே."

"உனக்குப் பைத்தியமா?"

"ஒரே ஒரு மேட்ச். நாப்பத்தொண்ணுக்கு நாப்பத்தொண்ணு. அவர் பேரை சமமா கொடுத்துட்டுப் போயிடறேன்."

"பிய்ஞ்சு போச்சுன்னா?"

"தைச்சுக்கலாம்."

"சட்டையா அது, தைச்சுக்கறதுக்கு?"

"நோயாளி விவரத்தை நீ வெளியில சொல்லக் கூடாது. ரூல் இருக்கு" என்றான். என் வேலையின் விதியை எனக்கே எடுத்துச் சொன்னான். ஆத்திரமாக வந்தது. ஆனாலும் சொல்லவில்லை. அந்த ஐந்து நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பா அதுவரை அவன் ஆட்டத்தை நேரில் பார்த்ததில்லை. தான் ஓட்டாத வண்டியில் பதினாலு மணி நேரம் உட்கார அவருக்கு விருப்பமில்லை, அதனால் விமானத்தில் போனதில்லை. உள்ளூர் ஆட்டங்களுக்கும் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவார். ஆனால் இது கடைசி ஆட்டம், காலாங்குக்குப் பேருந்தும் போகிறது. அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். வழியெல்லாம் ஓட்டுநரின் பிரேக்கைப் பற்றி அப்பா குறை சொல்லிக்கொண்டே வந்தார். திடலில் கம்பி வேலி, நாலு வரிசை பெஞ்சு, ஏறக்குறைய நூறு பேர். நாய் இல்லை.

திலீப் நன்றாக எறிந்தான். எனக்கு ஆட்டம் புரியாது, அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நாலாவது இன்னிங்ஸ் முடிந்தபோது நம் அணி மூன்றுக்கு இரண்டு என்று முன்னால் இருந்தது.

"ஆரம்பிச்ச பிட்சர் அஞ்சு இன்னிங்ஸ் முழுசா முடிக்கணும்" என்று அம்மா விளக்கினார். "முடிச்சாத்தான் ஜெயிச்சது அவன் பேர்ல எழுதுவாங்க."

ஐந்தாவதில் இரண்டு பேரை வெளியேற்றிவிட்டான். இன்னும் ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு முதல் பந்தை எறிந்துவிட்டுத் திரும்பி நின்று, யாரும் பார்க்காதபடி முழங்கையைத் தொடையில் அழுத்தினான். அடுத்த பந்து அவன் கையிலிருந்து கிளம்பியதும் தரையில் குத்தியது. மறுபடி தொடையில் அழுத்தினான்.

"அவன் கைக்கு என்ன?" என்று கேட்டார் அப்பா.

நான் கம்பி வேலியைப் பார்த்தேன்.

"இளா. நீதானே படம் எடுக்கறவ. அவன் கைக்கு என்ன?"

பதினெட்டு வருடமாகச் சொல்லி வந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. "பாதிக்கு மேல பிய்ஞ்சிருக்குப்பா" என்றேன். எதற்காக எறிகிறான் என்பதையும், ஜனவரிப் பயிற்சி என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட்டேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "இப்ப இறங்கிட்டா?"

"டீம் ஜெயிச்சாலும் வேற ஆள் பேருக்குப் போயிடும்" என்றார் அம்மா. "நாப்பதுக்கு நாப்பத்தொண்ணுதான். இதுதான் கடைசி."

அப்பா ஒரு பந்து நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பந்தை எறிந்தபோது திலீப்பின் வாய் கோணியது வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. அப்பா எழுந்தார். படி இறங்கி, வேலியோரமாக நடந்து, ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்த தகரக் கொட்டகைக்குள் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். பயிற்றுவிப்பாளர் மிஸ்டர் டான் அதிர்ந்து போய், "ஹூ ஆர் யூ, அங்கிள்?" என்றார்.

அப்பா திடல் நடுவே திலீப்பின் முதுகைக் காட்டினார். "ஐ ஆம் பாலகிருஷ்ணன்" என்றார். பிறகு அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: அதோ அந்தச் சட்டையில் இருக்கும் பெயர் என்னுடையது. அந்தக் கைக்கு உடம்பு சரியில்லை. என் பெயரைப் போட்டுக்கொண்டு யாரும் அப்படி ஓட்டக் கூடாது. இறக்கிவிடுங்கள்.

மிஸ்டர் டான் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அவர் திடலுக்குள் நடந்து போய்க் கையை நீட்டினார். பிட்சரை மாற்றும்போது அவன் பந்தைப் பயிற்றுவிப்பாளர் கையில் கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். திலீப் கொடுக்கவில்லை. டான் கொட்டகைப் பக்கம் விரலைக் காட்டினார். திலீப் திரும்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா, பேருந்து நிறுத்தத்தில் பயணிகளை இறங்கச் சொல்பவர் மாதிரி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அசைத்தார். திலீப் பந்தைக் கொடுத்துவிட்டு வந்தான்.

நம் அணி ஜெயித்தது. வெற்றியை எனக்குப் பெயர்கூட நினைவில்லாத ஒருவர் பெயரில் எழுதினார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் திலீப் அப்பாவுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தான். பிடோக் வரும்போது, "ஒரே ஒரு ஆள்ப்பா" என்றான்.

"தெரியும்" என்றார் அப்பா. "எனக்கும் ஒரே ஒரு ஸ்டாப்தான் இருந்துச்சு."

இரண்டு வாரம் அவன் அப்பாவோடு பேசவில்லை. ஆட்டத்துக்கு மறுநாள் காப்பிக்கடையில் காதர் மைதீன் மாமா அறிக்கை வாசிக்கவில்லை. அப்பாவே கேட்டும், தொலைபேசியில் சார்ஜ் இல்லை என்று சொல்லிவிட்டாராம். மூன்றாவது வாரம் திலீப் தன் பெட்டியைப் பிரித்தான். பதினோரு வருடத்தில் முதல் முறை. காலாங்கில் போட்டிருந்த சட்டையை அம்மா துவைத்து மடித்துக் கொடுத்தபோது, அதைக் கொண்டுபோய் அப்பாவின் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனான்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு நாங்கள் நால்வரும் தேக்காவுக்குப் போனோம். கிளம்பும்போது அப்பா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தார். தொப்பை இடித்தது. வேட்டிக்கு மேல் பேஸ்பால் சட்டை, முதுகில் பாலகிருஷ்ணன். அம்மா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். நான் பத்தடி பின்னால் நடந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். திலீப் இடது கையில் பைகளைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தான். வலது கை நன்றாக ஆறி வருகிறது, கத்தி வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் கூட்டம் நெரித்தது. துவாஸ், ஜூரோங் விடுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் அன்றுதான் ஊருக்குப் பொருள் வாங்குவார்கள். அவர்களில் ஒருவர் அப்பாவின் முதுகைப் படித்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் வந்து நடந்தார். கம்பெனிச் சட்டை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"ஐயா, பாலகிருஷ்ணன் கம்பெனியில ஆள் எடுக்கறாங்களா?"

அப்பா நின்றார். பின்னால் வந்துகொண்டிருந்த திலீப்பை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"மூடியாச்சு தம்பி" என்றார். "பதினோரு வருஷம் ஓடுச்சு. ஆக்சிடென்ட் இல்லாம மூடியாச்சு."